தூண்பாறையில் போன கயிறு

கிறீச்… கிறீச்… கிறீச்… கேக்குதா சாரே? அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே ஏறி வாங்க, இந்த இருட்டுல வேற துணை கிடையாது. அது கப்பி. ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லி ஓணத்துலருந்து கத்துறேன், இந்தக் கிடங்குல எவன் காதுல விழுது? இடது பக்கச் சுவரைத் தொட்டுக்கிட்டே வாங்க. வலது பக்கம் ஒண்ணும் கிடையாது. பதினோராவது படி ஆடும். பன்னிரண்டாவது ஆடாது, ஏன்னா அது இல்லவே இல்ல. தாண்டுங்க… ஆங். தலை! தலையைக் குனிங்கன்னு சொல்றதுக்குள்ள… பரவால்ல, தேச்சு விடுங்க. எல்லாருக்கும் அங்கதான் இடிக்கும். முதலாளிக்கும் ஒரு தடவை இடிச்சுது, அதுலருந்து அவரு மேல வர்றதே இல்ல. அந்த உத்தரத்துக்கு நான் தினமும் ஒரு கும்பிடு போடுறேன்.

ஆமா, சங்கிலிப்பாண்டி நான்தான். நீங்க கல்யாணராமன், மலையேறுற கிளப்புக்குச் செக்ரட்டரி. பின்னே என்ன சாரே, மூணு மாடிக்கே இப்படி மூச்சு வாங்குது? … சரி சரி, கோவிச்சுக்காதீங்க. செக்ரட்டரின்னா உக்காந்து எழுதுற வேலை, அதுக்கு எதுக்கு மூச்சு.

நில்லுங்க! அங்கயே நில்லுங்க. அது சன்னல் இல்ல, வாசல். கதவும் கிடையாது கைப்பிடியும் கிடையாது, கீழ நாப்பதடி. கைப்பிடி வச்சா மூட்டை எப்படி உள்ள வரும்? அதனால புது ஆள் யாரு வந்தாலும் இடுப்புல ஒரு கயித்தைப் போட்டு மறுமுனையை இந்தத் தூண்ல கட்டிருவேன். அது என் சட்டம், கலெக்டர் வந்தாலும் உண்டு. கையைத் தூக்குங்க… கூச்சமா? வயித்தை உள்ள இழுக்காதீங்க, அப்புறம் மூச்சு விட்டதும் இறுகும். ஆங். இப்ப ராஜா மாதிரி எட்டிப் பாக்கலாம். அதோ, மட்டாஞ்சேரிக் காயல், படகு, அந்தப் பக்கம் சுக்கு காயவச்ச முற்றம்… இருபத்தாறு வருஷமா இதேதான். அசையுறது படகு மட்டும்தான்.

தெரியும் சாரே, எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். ராமபத்ரன் விஷயம். மே மாசம் இமயமலைக்குப் போற ஆறு பேர்ல அவரு பேரை வெட்டப் போறீங்க. நடுப்பாறையில கயித்தைப் பறிகொடுத்தவனை நம்பி எப்படிப் பனிமலைக்கு ஆள் அனுப்புறதுன்னு கமிட்டில கேட்டாங்களாம். அவரும் ‘என் பொறுப்பு’ன்னு ரெண்டே வார்த்தை எழுதிக் குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டாராம். சாயக்கடையில எல்லாம் வந்துரும் சாரே, உங்க மீட்டிங் முடியுறதுக்கு முன்னாலயே. கூட இருந்த ஒரே சாட்சி நான். கேளுங்க, சொல்றேன். ஆனா மொதல்ல இந்த முட்டியைப் பாருங்க. ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் மடங்க மாட்டேங்குது. இதைப் பத்திக் கமிட்டில யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?

இருங்க, வருது. ஏத்து செல்லப்பா! … பாத்தீங்களா, மூட்டை வாசலுக்கு நேரா வரும், இந்தக் கொக்கிக் கம்பால உள்ள இழுப்பேன். தரையில உக்காந்ததும் முடிச்சை அவுத்து முனையை வெளிய எறிவேன். போகுது! … அந்தச் சத்தம் கீழ இருக்குற செல்லப்பாவுக்கு. தலையை நகத்திக்குவான். உடனே அடுத்த மூட்டை. ஒரு நாளைக்கு இருநூறு, மிளகு சீசன்ல முந்நூறு. இருபத்தாறு வருஷத்தால பெருக்கிப் பாக்காதீங்க. நான் ஒரு தடவை பெருக்கிப் பாத்துட்டு ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், ராமபத்ரன். பாலக்காட்டுக்காரங்க, இங்க கோவில் பக்கத்துத் தெருவுல மூணு தலைமுறையா இருக்காங்க. ஏலூர்ல கம்பெனி கிளார்க்கு. ஒல்லி. ஊதினா பறந்துருவாரு. அவரு தலைவர்னு சொன்னப்பவே நீங்கள்லாம் யோசிச்சிருக்கணும் சாரே, நான் ஒண்ணும் சொல்லல. போன வருஷம் ஒரு பொம்பளப்புள்ள எவரெஸ்டுல ஏறிட்டுதுன்னு பேப்பர்ல வந்துச்சுல்ல, அதுலருந்து சாயக்கடையில அவருக்கு வேற பேச்சே கிடையாது. உயரமான பாறைன்னா ஒரே மூச்சுல ஏற முடியாதாம், கட்டம் கட்டமா ஏறணுமாம். முதல்ல ஒருத்தரு கயிறு எட்டுற தூரத்துக்கு ஏறி, ஒரு திட்டுல நின்னு ஆணியடிச்சுத் தன்னைக் கட்டிக்குவாராம். அப்புறம் கீழ இருக்குறவனைக் கயித்தால பிடிச்சுப் பிடிச்சு மேல கொண்டுவருவாராம். அப்புறம் அடுத்த கட்டம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சாயா ஆறுறதுக்குள்ள குடிச்சுட்டுப் போயிருக்கலாம். ‘இதுக்கு ஒரு கிளப்பா சாமி? நான் தினம் முந்நூறு தடவை பண்றேன், சந்தா இல்லாம’ன்னு சொல்லிட்டேன். கடையே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. சிரிச்சுட்டு, ‘சேட்டா, இத்தனை வருஷம் மேலே நின்னாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மூட்டையா வந்து பாருங்கோ’ன்னாரு.

பேச்சி, என் சம்சாரம், அன்னைக்கு ராத்திரி பூரா ஏசினா. நாப்பத்தெட்டு வயசுல பாறை கேக்குதாக்கும், வீட்டு ஓட்டுல ரெண்டு ஓடு நகந்து கிடக்கு, அதுல ஏற ஆளில்லைன்னா. நியாயம்தான். ஆனா மூட்டையா வந்து பாருங்கோன்னு ஒருத்தன் சொன்னப்புறம் எப்படி சாரே போகாம இருக்குறது?

ரெண்டு பஸ் மாறி, கடைசி ஸ்டாப்புலருந்து ஒரு மணி நேரம் நடை. பெரியாறு அங்க வேற ஆறு சாரே. அடியில கிடக்குற கூழாங்கல்லை எண்ணலாம். கரையை ஒட்டி அந்தப் பாறை. தூண்பாறைன்னு அங்க உள்ளவங்க சொல்றாங்க, சரியாத்தான் சொல்றாங்க. கன்னங்கரேல்னு ஆறு பட்டைத் தூணுங்களை யாரோ ஆயிரக்கணக்குல நெருக்கி நிறுத்தி வச்ச மாதிரி. நம்ம கிடங்குல மூட்டை அடுக்கத் தெரியாதவன் எல்லாம் அங்க போய்ப் பாக்கணும். பூமிக்குள்ளருந்து வந்த நெருப்புக் குழம்பு ஆறினப்ப இப்படி வெடிச்சு நின்னுருச்சுன்னு ராமபத்ரன் சொன்னாரு. முந்நூறு அடி. மூணு கட்டம். அண்ணாந்து பாத்தேன், தலையில வச்சிருந்த தொப்பி பின்னால விழுந்துருச்சு.

அந்தக் கயிறு இருக்கே, உங்க கிளப்புக் கயிறு, அதைப் பத்தியே நான் தனியா ஒரு புகார் குடுக்கணும். நைலானாம். வழவழன்னு பாம்பு மாதிரி. கையில ஒரு பிடிமானம் வேண்டாமா? நம்ம தேங்காநார்க் கயிறு கையை உரசும், உரசினாத்தான் பிடிச்சிருக்கோம்னு தெரியும். அப்புறம் அந்தக் கான்வாஸ் சூ. யாரோடது சாரே அது? என் கால் பெருவிரல் மடங்கியே கிடந்துச்சு.

முதல் கட்டம் அவரு ஏறினாரு. ஒல்லின்னு சொன்னேன்ல? அதெல்லாம் தரையிலதான். தூணுக்கும் தூணுக்கும் நடுவுல ஒரு வெடிப்பு, அதுக்குள்ள கையைச் சொருகி, காலைச் சொருகி, ஒரு சத்தமில்லாமப் போயிட்டாரு. அங்கங்க ஆணியடிக்கிற சத்தம் மட்டும் டிங்… டிங்… பத்து நிமிஷம். ஆளைக் காணல. அப்புறம் மேலருந்து, ‘சேட்டா, வாங்கோ.’

ஏறினேன். ஏறினேன்னு சொல்றதா, கட்டிப்பிடிச்சு அழுதேன்னு சொல்றதா. இருபதடியில ஒரு கால் வழுக்கிருச்சு. அவ்வளவுதான், பேச்சி சொன்னது சரின்னு நினைச்சேன். ஆனா விழல சாரே. இடுப்புல ஒரு இழுப்பு. மேல கயிறு விறைப்பா நின்னுச்சு. என் பாரம் மொத்தமும் யாரோ கையில இருந்துச்சு.

…

இல்ல, ஒண்ணுமில்ல. இருபத்தாறு வருஷம் நான் மேல நின்னிருக்கேன், பாரம் என்கிட்ட வந்திருக்கு. என்னை யாரும் பிடிச்சுத் தூக்கினது கிடையாது. அது ஒரு மாதிரி… அந்தச் சூவைப் பத்தித்தானே சொல்லிக்கிட்டிருந்தேன்?

இருங்க. ஏத்து செல்லப்பா! … போகுது! … என்ன சாரே, என் கையையே பாக்குறீங்க? விரலா? அது எல்லாருக்கும் அப்படித்தான் வளைஞ்சிருக்கும் இந்த வேலையில.

ரெண்டாவது கட்டமும் அதே மாதிரி. இருநூறு அடியில ஒரு திட்டு. நம்ம வீட்டு அடுக்களை அகலம் இருக்கும். அங்க அவரு ரெண்டு ஆணியடிச்சு, ஒரு குட்டைக் கயித்தால தன்னைக் கட்டி வச்சிருந்தாரு. நான் போய்ச் சேந்ததும் என்னையும் இன்னொரு குட்டைக் கயித்தால ஆணியோட சேத்துக் கட்டினாரு. ஆளு பத்திரம், அதுல குறை சொல்ல முடியாது. பெரிய கயித்துல நடுவுல ஒரு முறுக்கு விழுந்து முடிச்சாயிருந்துச்சு. அதைச் சிக்கெடுக்கணும்னு தன் இடுப்புல இருந்த முனையை அவரு அவுத்தாரு. கேட்டுக்கங்க சாரே, அவுத்தாரு. தன் கையாலயே. நான் கண்ணால பாத்தேன். சிக்கெடுத்துட்டு முனையைக் கீழ வச்சுட்டு, மேல மூணாவது கட்டத்துக்கு வழி எப்படின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்தாரு. கயிறு போயிருச்சு.

அவ்வளவுதான். போயிருச்சு. நைலான்னு சொன்னேன்ல, வழவழன்னு. இருநூறு அடிக்குக் கீழ தண்ணியில விழுந்து, ஒரு சுத்துச் சுத்தி, ஆத்தோட போயிருச்சு.

மேல போகவும் முடியாது, கீழ வரவும் முடியாது. காலைல பத்து மணி சாரே. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அந்தத் திட்டுல ரெண்டு பேரும், ரெண்டு குட்டைக் கயித்துல, கொடியில காயப்போட்ட துணி மாதிரி. வெயில் கருங்கல்லுல ஏறி முதுகு வெந்துபோச்சு. பையில அவருக்குத் தயிர்சாதம், எனக்குப் பேச்சி குடுத்துவிட்ட கப்பக்கிழங்கும் கருவாடும். ஆறு மணி நேரம் என் கருவாட்டு வாசத்தை மோந்துக்கிட்டு உக்காந்திருந்தாரு பாவம். மூக்கைச் சுளிக்கல. ‘சேட்டா, மிச்சம் வைக்காம சாப்பிட்டுடுங்கோ, அதுதான் எனக்கு நீங்க பண்ற உபகாரம்’ன்னாரு. அப்புறம் என் ஊரைப் பத்திக் கேட்டாரு. சங்கரன்கோவில் பக்கத்துலருந்து எதுக்கு இங்க வந்தேன்னு கேட்டாரு. யாரும் கேட்டதில்ல சாரே அதை. நானும் ஏதோ சொன்னேன்.

கடைசில சங்காடக்காரங்க வந்தாங்க. மூங்கிலைக் கட்டித் தெப்பமா ஆத்துல மிதக்கவிட்டுக் கொண்டுபோவாங்கள்ல, அவங்க. நாங்க கத்துன கத்துல அண்ணாந்து பாத்து, மொதல்ல கையைத் தட்டிச் சிரிச்சாங்க. அப்புறம் பின்பக்கம் காட்டு வழியா உச்சிக்கு ஏறி, நார்க் கயித்தை இறக்கினாங்க. நார்க் கயிறு! பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. என்னை முதல்ல தூக்கினாங்க. உச்சியில போய் நின்னதும், ‘அவுத்து முனையைக் கீழ போடு, அடுத்த ஆளு வரட்டும்’னாங்க. அவுக்க வரல சாரே. முடிச்சைத் தொடவே முடியல. அவங்கதான் அவுத்தாங்க. பயம்னு நினைச்சுக்கிட்டாங்க…

பயம்தான். பின்னே வேற என்ன.

சாயக்கடையில நான் ஒரு பொய்யும் சொல்லல. என்னாச்சுன்னு கேட்டாங்க. கயிறு போயிருச்சுன்னேன். யாரு விட்டதுன்னு கேட்டாங்க. அவருதானே தலைவர்னேன். இதுல எது பொய்? அவரு தலைவரா இல்லையா? நீங்களே சொல்லுங்க. அவரு முனையை அவுத்தாரா இல்லையா? அவுத்தவன் பாத்துக்கணும்ல? இடுப்புல கயித்தைக் கட்டி ஒருத்தனைக் கூட்டிக்கிட்டுப் போனா, அவன் திரும்பி வர்ற வரைக்கும் அந்தக் கயித்து மேல கண்ணு இருக்க வேண்டாமா? தலைவர்னா சும்மாவா? நான் இங்க நிக்கிறேன், என்னைக்காவது ஒரு மூட்டை விழுந்திருக்கா? ஒரு சுக்குத் துண்டு? ஏத்து செல்லப்பா! கேளுங்க, கீழ போய் செல்லப்பாகிட்ட கேளுங்க. அவனுக்கு என்னைப் பிடிக்காது, அவனே சொல்லுவான். வேலைன்னா கையில இருக்கணும் சாரே, கையில. யோசிச்சுக்கிட்டு நின்னா மூட்டை ஏறாது. போகுது! என் கை தூங்கினாலும் வேலை பாக்கும். போகுது! அதைத்தான் நான் ராமபத்ரன்கிட்டயும்…

என்ன செல்லப்பா? … என்னடா கத்துறே? … ரெண்டு கயிறா? உளறாதே, நான் ஒரு கயிறுதானே…

சாரே.

அசையாதீங்க. கீழ பாக்காதீங்க, என்னைப் பாருங்க. உங்க இடுப்புல கயிறு இல்ல. மெல்ல… பின்னால ஒரு எட்டு. இன்னும் ஒண்ணு. தூணைப் பிடிங்க. ரெண்டு கையாலயும். ஆங்.

…

மூட்டையை ஒட்டி நின்னீங்களா? அதான். மூட்டை முடிச்சு, அதுக்கு அடுத்தாப்புல உங்க முடிச்சு. கை போயிருச்சு. நான் அவுக்கல சாரே. கை… ஆமா. என் கைதான்.

கண்டுட்டீங்க. இனி என்ன.

அன்னைக்கும் இதேதான். பாரம் வந்து திட்டுல உக்காந்துச்சு. நான்தான் பாரம், உக்காந்ததும் நான்தான். ‘சேட்டா, என் முனை அவுந்திருக்கு, உங்க முனையை விட்டுடாதேங்கோ’ன்னு அவரு தெளிவாச் சொன்னாரு. சரின்னு தலையாட்டினேன். அவரு அண்ணாந்து பாத்தாரு. நானும் கீழ ஆத்தைப் பாத்தேன். அப்படி ஒரு உயரத்துலருந்து நான் எதையும் பாத்ததில்ல, எல்லாம் அவ்வளவு சின்னதா, அழகா… கை முடிச்சை அவுத்துச்சு. எறிஞ்சுச்சு. ‘போகுது!’ன்னு சத்தம் வேற போட்டேன் சாரே. ஆத்துல யாரு இருக்கா தலையை நகத்திக்க?

அவரு கீழ பாத்தாரு. அப்புறம் என் கையைப் பாத்தாரு. இப்ப நீங்க பாத்தீங்களே, அப்படி. திட்டுவாருன்னு நின்னேன். திட்டல. என் இடுப்புல இருந்த அந்தக் குட்டைக் கயித்து முடிச்சை எடுத்து, முதுகுப் பக்கம் திருப்பி, எனக்குக் கை எட்டாத இடத்துல இன்னும் ரெண்டு முடிச்சுப் போட்டாரு. போட்டுட்டு, ‘சேட்டா, இத்தனை வேகமா முடிச்சு அவுக்கற ஆளை நான் எங்கயும் பாத்ததில்லை’ன்னாரு. சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு, தன்பாட்டுக்குச் சொல்ற மாதிரி, ‘உங்க கை எப்படிப் பழகியிருக்கும்னு நான்னா யோசிச்சிருக்கணும்’ன்னாரு. அதைத்தான் உங்களுக்கு என் பொறுப்புன்னு எழுதிக் குடுத்திருக்காரு. அப்படியும் ஒரு ஆளு.

ஏன் சொல்லலைன்னு கேக்குறீங்களா? முதலாளி காதுல விழுந்தா என்ன ஆகும்? தூக்கத்துல நடக்குற மாதிரி முடிச்சு அவுக்குறவனை இந்த வாசல்ல வைப்பாரா? கீழ தராசுக்கிட்ட உக்கார வைப்பாரு. எனக்கு வேற என்ன சாரே தெரியும்? இந்த வாசலும் அந்தக் காயலும்தான். அதனால ஒரு வார்த்தை, அவருதானே தலைவர்னு ஒரே ஒரு வார்த்தை… அது நடந்து நடந்து உங்க கமிட்டி வரைக்கும் வந்துருச்சு. ராமபத்ரன் தினமும் கீழ இந்த வழியாத்தான் படகுக்குப் போறாரு. அண்ணாந்து பாத்துக் கையை ஆட்டுறாரு. நான் மூட்டையைப் பாக்குற மாதிரி திரும்பிக்கிறேன். ரெண்டு மாசமா.

எழுதுங்க. பேனா இருக்குல்ல? தூணுலருந்து ஒரு கையை எடுக்கலாம், நான் எட்டித்தான் நிக்கிறேன். மலையாளத்துலயே எழுதுங்க, வாசிச்சுக்குவேன். சினிமா போஸ்டர் பாத்துப் பாத்து நானாக் கத்துக்கிட்டது. கயித்தை அவுத்து எறிஞ்சது சங்கிலிப்பாண்டி. அதை முதல் வரியில போடுங்க. கடைசில போட்டா உங்க கமிட்டில பாதிப் பேரு அதுக்குள்ள தூங்கிருவாங்க. அப்புறம், ரெண்டு தடவை கால் வழுக்கியும் ராமபத்ரன் கையிலருந்து கயிறு ஒரு விரல்கடைகூட இறங்கல, அதையும் போடுங்க. ரெண்டாவது தடவையை உங்ககிட்ட சொல்லல, எனக்கு வெக்கமா இருந்துச்சு. … காட்டுங்க. … எறிஞ்சதுன்னு எழுதலையே, தவறியதுன்னு எழுதியிருக்கீங்களே. அடிச்சுட்டு எறிஞ்சதுன்னு போடுங்க. ஆங். கையெழுத்து தமிழ்லதான் வரும், பரவால்லயா?

முதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன். இல்ல, செல்லப்பா இந்நேரம் சொல்லியிருப்பான். ரெண்டு கயிறு வந்ததுன்னு தெருவே கேக்கக் கத்திட்டானே.

அந்தக் கயித்தை இழுத்து உள்ள போடுறேன், இருங்க… இந்தாங்க. நான் கட்டல. நீங்களே கட்டிக்கங்க. முடிச்சு முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

என்னடா செல்லப்பா, அவசரம்? … சரி, ஏத்து… ஏத்து…

கொஞ்சம் தள்ளிக்கங்க சாரே. வந்துருச்சு. இது மூட்டைதானே?

…ஆமா. மூட்டைதான்.

போகுது.